கூலியும் கழிவும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்துச் சம்பளப் பட்டியல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் கோயிலையும் கோட்டையையும் துறைமுகத்தையும் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போதும் அதன் ஆழம், அதன் இயற்கையரண், அதனைக் கைப்பற்ற ஐரோப்பிய வல்லரசுகள் நடத்திய போட்டி என்பனவே முதன்மை பெறுகின்றன. அத்துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், கப்பல் செப்பனிட்டோரும், எண்ணெய்க் குழாய் பொருத்தியோரும், காரியாலயத்தில் கணக்கெழுதியோரும் மாத முடிவில் எவ்வளவு பெற்றனர், பெற்றதிலிருந்து எவ்வளவு கழிக்கப்பட்டது, கழித்தது யார், எந்த உரிமையின் பேரில் கழித்தனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்வினாக்களுக்கு விடை தரும் ஆவணம் சம்பளப் பட்டியலாகும். அது வெறும் கணக்கேடு என்றே பலரும் கருதுவர். ஆனால் அதன் நிரல்கள் ஒவ்வொன்றும் ஒரு போராட்டத்தின் விளைவு எனலாம். பெயர், வேலை நாட்கள், அடிப்படைச் சம்பளம், படிகள், மேலதிக நேரம், கழிவுகள், கையிற் கிடைக்கும் தொகை என்னும் இவ்வரிசை இயற்கையாக அமைந்ததன்று. எது கூலி, எது சலுகை, எது கடன், எது சேமிப்பு என்பதைத் தொழில் கொள்வோரும் தொழிலாளரும் அரசும் தம்முள் மோதித் தீர்மானித்ததன் பதிவே அது.

இக்கட்டுரையில் நாம் நிறுவ விழைவது பின்வருமாறு. ஒரு காலத்தில் கழிவு நிரல், கொடுத்த கூலியைத் திரும்பப் பறிப்பதற்கான கருவியாய் இருந்தது. சென்ற நூற்றாண்டின் தொழிற் சட்டங்கள் அதனைத் தொழிலாளியின் எதிர்காலத்துக்கான சேமிப்பு நிரலாகப் பெருமளவுக்கு மாற்றின. ஆயினும் முரண்பாடு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. அது கழிவு நிரலிலிருந்து இடம்பெயர்ந்து, பட்டியலின் முதல் நிரலாகிய அடிப்படைச் சம்பளத்திற் குடிகொண்டது. இன்று திருகோணமலையில் ஒரு தொழிலாளி எதனை இழக்கிறான் என்பதை அறிய வேண்டின், எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதை மட்டும் பார்த்தாற் போதாது. எத்தொகையின் மீது கணக்கிடப்பட்டது என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

2

பணக்கூலி தோன்றுமுன் இப்பிரதேசத்தில் உழைப்புக்கு ஈடு எவ்வாறு வழங்கப்பட்டது என்பதைக் 'கோணேசர் கல்வெட்டு' ஓரளவு உணர்த்துகிறது. கவிராசவரோதயர் பெயரால் வழங்கும் இந்நூலின் காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கோயிற் கடமைகள் தானத்தார், வரிப்பத்தார் முதலியோரிடையே வகுக்கப்பட்ட முறையையும், அக்கடமைகளுக்கு ஈடாக நிலமும் விளைவில் உரிமையும் அமைந்த முறையையும் அது கூறுகிறது. இங்கு ஒருவர் செய்யும் தொழில் அவர் பிறந்த குடியால் தீர்மானிக்கப்பட்டது. ஈடு பங்காக வந்தது. கூலியும் கழிவும் வெவ்வேறாகப் பிரிந்து நிற்கவில்லை. பங்கு நிர்ணயிக்கப்படும்போதே கடமையும் நிர்ணயிக்கப்பட்டது. குடியடிப்படையிலான அவ்வமைப்பை இலட்சிய நிலையாகக் காட்டுதல் எமது நோக்கமன்று. கணக்கு எழுதப்படாத இடத்திலும் ஒரு கணக்கு இருந்தது என்பதையே சுட்ட விரும்புகிறோம்.

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வழங்கிய ஒரு சொல்லும் இங்கு நோக்கத்தக்கது. 'ஊழியம்' என்பது அக்காலத்தில் கும்பினிக்கு ஆண்டுதோறும் குறித்த நாட்கள் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. வேலைக்கு வர இயலாதவர் பணம் செலுத்தி அதிலிருந்து விடுபடலாம். அதாவது, உழைப்பவன் கூலி பெறுவதற்குப் பதிலாக, உழைக்காதிருக்கும் உரிமைக்கு விலை கொடுத்தான். சிங்களப் பகுதிகளில் நிலவிய இராசகாரியமும் கட்டாய உழைப்பின் மற்றொரு வடிவமே. பிரித்தானியர் 1832இல் அதனை ஒழித்தனர். கோல்புறூக் விசாரணையின் பின் வந்த இச்சீர்திருத்தம் மனிதாபிமானத்தால் மட்டும் விளைந்ததன்று. தடையின்றி வாங்கி விற்கத்தக்க உழைப்புச் சந்தை ஒன்று புதிய பொருளாதாரத்துக்குத் தேவைப்பட்டது. கட்டாய உழைப்பைக் குறித்த அதே சொல்லினடியாகப் பிறந்த 'ஊழியர்' என்பது இன்று சட்டப் பாதுகாப்புள்ள கூலியுழைப்பாளரைக் குறிக்கிறது. 'ஊழியர் சேமலாப நிதி' என்னும் பெயரில் அச்சொல் அடைந்துள்ள பொருள் மாற்றம் ஏறத்தாழ இரு நூற்றாண்டுச் சமூக மாற்றத்தின் சுருக்கமெனக் கொள்ளலாம்.

3

பிரித்தானியர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். அதன் பின் இத்துறைமுகம் வாணிபத் துறைமுகமாக வளர்வதிலும் பார்க்கக் கடற்படைத் தளமாகவே வளர்ந்தது. இதன் விளைவு தொழிலாளரைப் பொறுத்தவரை பாரதூரமானது. கொழும்பில் ஏற்றுமதி இறக்குமதியின் அளவு வேலையைத் தீர்மானித்தது. திருகோணமலையிலோ இலண்டனில் எடுக்கப்பட்ட போர்த்தந்திர முடிவுகள் அதனைத் தீர்மானித்தன. 1905ஐ ஒட்டிப் பிரித்தானியக் கடற்படை மறுசீரமைக்கப்பட்டபோது இத்தளம் சுருக்கப்பட்டது. முதலாம் உலக யுத்தத்தின் பின் கடற்படைக் கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியமையும், கிழக்கே யப்பானின் எழுச்சியும் மீண்டும் இத்தளத்துக்கு உயிரூட்டின. சீனக்குடாவின் பின்னே பாரிய எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. இவ்வாறு ஊர் விரிவதும் சுருங்குவதும் தொழிலாளியின் கையில் இல்லை. நாட்டின் கையிலும் இருக்கவில்லை.

பணக்கூலி பரவியபோது அதனுடன் பணக்கழிவும் பரவியது. இலங்கையின் கழிவுச் சட்டங்களை விளங்கிக்கொள்ளத் துறைமுகத்தை விட்டுச் சற்று மலைநாட்டை நோக்குதல் அவசியம். ஏனெனில், தொழிலாளியின் கூலியிலிருந்து எதனைக் கழிக்கலாம் என்னும் பிரச்சினை இந்நாட்டில் முதன்முதலில் தோட்டங்களிலேயே முழு வடிவம் பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி வேலை தொடங்குமுன்னரே கங்காணிக்குக் கடன்பட்டிருந்தான். பயணச் செலவும், முற்பணமும், தோட்டத்தில் வழங்கப்பட்ட அரிசியின் விலையும் செக்றோலில் அவன் பெயருக்கெதிரே பற்றாக எழுதப்பட்டன. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டின், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கலாம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' தேவைப்பட்டது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையை விட்டு நீங்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தமையால், கழிவேட்டின் பின்னே சிறைக்கதவும் நின்றது.

துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை ஏற்படுத்தியது. அதே 1927இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையிற் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தோட்டமும் துறைமுகமும் ஒரே ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் இரு முனைகள் என்பதை நினைவிற் கொண்டால் இவ்விரு நிகழ்வுகளும் ஒரே ஆண்டில் அமைந்தமை வியப்பளிக்காது. இங்கிலாந்தில் இதற்கு நெடுங்காலம் முன்னரே, 1831இலும் 1896இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் கூலியைப் பண்டமாகக் கொடுப்பதையும் தண்டப்பணம் அறவிடுவதையும் கட்டுப்படுத்தியிருந்தன. தாய்நாட்டில் தன் தொழிலாளிக்கு மறுக்கவியலாத பாதுகாப்பை அதே அரசு குடியேற்ற நாட்டுத் தொழிலாளிக்கு வழங்கப் பல தசாப்தங்கள் எடுத்துக்கொண்டது.

1930களில் அரசாங்க சபைக் காலத்தில் தொழிற் சட்டங்கள் தொடர்ந்து வந்தன. 1934இல் வேலையாள் நட்டஈட்டுச் சட்டமும், 1935இல் தொழிற்சங்கச் சட்டமும், 1939இல் மகப்பேற்று நன்மைச் சட்டமும் இயற்றப்பட்டன. இவற்றின் உச்சமாக அமைந்தது 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமாகும். எமது ஆய்வுப் பொருளுக்கு இதுவே திருப்புமுனை. கூலி நாணயமாக, நேரடியாகத் தொழிலாளியிடம் கொடுக்கப்பட வேண்டும் என்றும், விதிகளால் அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதனையும் கழிக்கலாகாது என்றும் அது விதித்தது. சம்பளக் காலம் ஒரு மாதத்தை மேவலாகாது. ஒரு வாரத்துக்கு மேற்படாத காலத்துக்குரிய கூலி 3 நாட்களுள்ளும், இரு வாரத்துக்கு மேற்படாததாயின் 5 நாட்களுள்ளும், அதனினும் நீண்டதாயின் 10 நாட்களுள்ளும் கொடுபட வேண்டும். கப்பற்றுறை, துறைமுகம், துறைமுகப் போக்குவரத்து ஆகிய தொழில்களுக்கெனத் தனியான சம்பளச் சபை ஒன்றும் இச்சட்டத்தின் கீழ் அமைந்தது. கூலி எவ்வளவு, எப்போது, எதனைக் கழித்து என்னும் மூன்றும் முதலாளியின் விருப்பத்திலிருந்து விடுபட்டுப் பொதுச் சட்டத்தின் எல்லைக்குள் வந்தன.

4

சட்டம் எழுத்தில் வந்த வேளையிலேயே யுத்தமும் துறைமுகத்தை வந்தடைந்தது. 1942 பெப்ருவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. பின்னர் கிழக்குக் கடற்படையின் பெருந்தளமாக இது மீண்டும் விரிவடைந்தது. வேலை பெருகியது, விலைகளும் பெருகின. இந்நிலையில் அடிப்படைக் கூலியுடன் வாழ்க்கைச் செலவுக்கேற்ப மாறும் படி ஒன்றும் சேர்க்கப்படும் முறை வலுப்பெற்றது. சம்பளப் பட்டியலிற் 'படி' என்னும் நிரல் நிலைபெற்றது இவ்வாறே. தொடக்கத்தில் அது தொழிலாளியின் வெற்றி. விலை உயர்ந்தால் கூலியும் உயரவேண்டும் என்னும் கோட்பாட்டை அது ஏற்றுக்கொண்டது.

ஆனால் எந்த விலை? படியை நிர்ணயித்த சுட்டெண் கொழும்புத் தொழிலாளர் குடும்பத்தின் செலவினை அடிப்படையாகக் கொண்டது. பின்னர் 1952ஐ அடியாண்டாகக் கொண்டு வந்ததும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணே. மூதூரிலிருந்து வள்ளத்தில் வேலைக்கு வருபவன் கொடுத்த அரிசி விலையும், சீனக்குடாவிற் குடிசை வாடகை கொடுத்தவன் பட்ட செலவும் அக்கணக்கில் இடம்பெறவில்லை. தலைநகரின் சந்தையே நாடு முழுவதற்கும் அளவுகோலாயிற்று.

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. தேசிய இறைமையின் நோக்கில் அது பெருமைக்குரிய நாள். அந்நாளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அது பெரும் நிச்சயமின்மையின் நாளாகவும் இருந்தது. தொழில் கொள்வோன் நாட்டை விட்டே நீங்கிவிட்டான். நீண்டகாலம் உழைத்தவன் வேலை முடிவுறும்போது கையில் எதனைக் கொண்டு செல்வான் என்னும் வினாவுக்கு அன்று தேசிய அளவிலான விடை எதுவும் இருக்கவில்லை. ஓய்வூதியம் அரசாங்க உத்தியோகத்தருக்கே உரியதாயிருந்தது.

மறு ஆண்டிலேயே, ரி. பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராயிருந்தபோது, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என நாம் கூறவில்லை. ஆயினும் இவ்விரு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது இச்சட்டம் எந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது என்பது தெளிவாகிறது. தொழிலாளியின் உழைப்பூதியத்தில் 4 சதவீதம் கழிக்கப்பட்டு, தொழில் கொள்வோன் 6 சதவீதத்தைச் சேர்த்து, இரண்டும் மத்திய வங்கியின் பொறுப்பில் தொழிலாளியின் பெயரில் வைக்கப்பட்டன. 1971இல் இவ்விகிதங்கள் 6 ஆகவும் 9 ஆகவும் உயர்ந்தன. 1981 முதல் 8 ஆகவும் 12 ஆகவும் உள்ளன. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் தோன்றியது. அதற்குரிய 3 சதவீதத்தைத் தொழில் கொள்வோன் மட்டுமே செலுத்த வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், 15 பேருக்குக் குறையாதோர் வேலை செய்யும் இடங்களில் 5 ஆண்டு சேவை நிறைந்தோருக்குரியது. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளமும், ஏனையோருக்கு 14 நாட் கூலியும் அதன்படி உரியன.

இவ்வகையிற் கழிவு நிரலின் தன்மையே மாறியது. துண்டுக் காலத்திற் கழிக்கப்பட்ட காசு கங்காணியிடமும் தோட்டத்திடமும் சென்றது. சேமலாப நிதிக் காலத்திற் கழிக்கப்படும் காசு தொழிலாளியிடமே மீள்கிறது. கழித்தவனும் தன் பங்கைச் சேர்த்துத் தரக் கடமைப்பட்டுள்ளான். அப்பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து மீட்டுக்கொள்ளவும் சட்டம் இடந்தரவில்லை. மாதாந்தம் செலுத்த வேண்டியது அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்படாவிடின், தாமதத்துக்கேற்ப 5 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை மேலதிக அறவீடு விதிக்கப்படும்.

5

1970களின் பிற்பகுதியில் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் துறைமுகப் பிரதேசத்திற் புதிய தொழில் கொள்வோர் தோன்றினர். 1979இல் இலங்கைத் துறைமுக அதிகாரசபை நிறுவப்பட்டது. சீனக்குடாவில் 1980இல் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. அதே தசாப்தத்தின் முற்பகுதியில் டோக்கியோ சீமெந்து நிறுவனமும் இங்கு உற்பத்தியை ஆரம்பித்தது. இவற்றைச் சூழக் கப்பல் முகவர் காரியாலயங்களும், சரக்குப் போக்குவரத்து நிலையங்களும், களஞ்சியங்களும், சிறு பட்டறைகளும் பெருகின. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தம் இவ்வளர்ச்சியைப் பலமுறை குலைத்தது. ஆயினும் துறைமுகத்தின் சம்பளப் பட்டியல் கடற்படை என்னும் ஒரே முதலாளியின் ஏடாக இருந்த நிலை முற்றாக மாறிவிட்டது.

இத்தகைய சிறு நிறுவனம் ஒன்றில் இன்று சம்பளம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை நோக்குவோம். காரியாலய ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடைகள், காரியாலய ஊழியர் சட்டம் பொருந்தும். நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது அதன் வரையறை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து ஒரு மணித்தியாலக் கூலியைக் காண்பது இச்சட்டத்தின் கீழ் நிலவும் முறை. சேமலாப நிதி உழைப்பூதியத்தின் மீது கணக்கிடப்படும். மேலதிக நேரக் கொடுப்பனவு அதிற் சேராது. 2025 ஏப்பிரல் முதல் மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரி கழிக்கப்படுவதில்லை.

மாதம் 60,000 ரூபா பேசப்பட்ட ஒரு ஊழியரைக் கற்பனை செய்வோம். இத்தொகை முழுவதும் அடிப்படைச் சம்பளமாக எழுதப்படின், அவரது 8 சதவீதம் 4,800 ரூபா. தொழில் கொள்வோனின் 12 சதவீதம் 7,200 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 1,800 ரூபா. ஆகவே மாதந்தோறும் அவர் பெயரில் 13,800 ரூபா சேரும். மேலதிக நேரம் மணித்தியாலத்துக்கு 375 ரூபா.

இப்போது அதே 60,000 ரூபாவை இரண்டாகப் பிரிப்போம். 30,000 அடிப்படைச் சம்பளம். மீதி 30,000 போக்குவரத்துப் படி, வரவு ஊக்குவிப்புப் படி என்னும் பெயர்களில் எழுதப்பட்டு, கணக்கீட்டுக்குப் புறத்தே வைக்கப்படுகிறது. ஊழியரின் கழிவு 2,400 ரூபாவாகக் குறைகிறது. மேலதிக வேலை இல்லாத மாதத்தில் அவர் கையில் 55,200 ரூபாவுக்குப் பதிலாக 57,600 ரூபா கிடைக்கும். கைக்கு வருவது 2,400 ரூபா கூடுதலாகும். எனவே இப்பிரிப்பு அவருக்குச் சலுகையாகவே தோன்றும். பலர் அதனை மகிழ்ந்தும் ஏற்பர்.

அக்கூடுதல் எங்கிருந்து வந்தது? அவருடைய சொந்தச் சேமிப்பிலிருந்தே வந்தது. அத்துடன் தொழில் கொள்வோன் செலுத்த வேண்டியிருந்த 4,500 ரூபாவும் மறைந்துவிட்டது. அவர் பெயரில் மாதந்தோறும் சேர்வது 13,800இலிருந்து 6,900 ஆக வீழ்ந்தது. மேலதிக நேர வீதமும் 187 ரூபா 50 சதமாகப் பாதியாயிற்று. மாதம் 20 மணித்தியாலம் மேலதிகமாக வேலை செய்தால் 7,500 ரூபாவுக்குப் பதிலாக 3,750 ரூபாவே கிடைக்கும். அந்நிலையிற் கையில் வருவதும் 62,700இலிருந்து 61,350 ஆகக் குறைகிறது. இருபது ஆண்டுகளின் பின் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணிக்கப்பட்டால் 600,000 ரூபாவுக்குப் பதிலாக 300,000 ரூபாவாகும். கழிவு நிரலில் எவரும் எதனையும் திருடவில்லை. கணக்கும் ஒரு சதம் பிழையின்றிச் சரியாயுள்ளது. ஆயினும் ஊழியரின் முதுமைக்குரியதிற் பாதி இல்லாதொழிந்தது.

இது சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது என்பதை இங்கு வற்புறுத்துதல் வேண்டும். சேமலாப நிதிச் சட்டத்தில் உழைப்பூதியம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமன்று. வாழ்க்கைச் செலவுப் படி, விசேட வாழ்க்கைப் படி, அவையொத்த படிகள், விடுமுறைக் கொடுப்பனவு, வழங்கப்படும் உணவின் பெறுமதி முதலியனவும் அதனுள் அடங்கும். 1958இல் சட்டம் ஆக்கியோர் பெயரை மாற்றிப் பொருளை மறைக்கும் வழியை முன்னறிந்தே இவ்வரைவிலக்கணத்தை விரிவாக்கினர் போலும். எனினும் புதிய புதிய பெயர்களைப் படைப்பது முதலாளிக்கு எளிது. ஒவ்வொரு பெயரையும் எதிர்த்துத் தொழிற் திணைக்களத்திற்குச் செல்வது தனி ஊழியருக்கு அரிது. இன்று கணனி மென்பொருள் நொடியிற் சம்பளப் பட்டியலைத் தயாரித்து விடுகிறது. ஆனால் எத்தொகையை எந்தப் பெயரின் கீழ் இடுவது என்று அதற்குக் கற்பிப்பவன் மனிதனே.

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் இவ்விளையாட்டுக்கு ஓர் அடித்தளத்தை இட்டது எனலாம். தொடக்கத்தில் மாதம் 10,000 ரூபாவாயிருந்த எல்லை படிப்படியாக உயர்ந்து, 2025 ஏப்பிரல் முதல் 27,000 ஆகவும், 2026 சனவரி முதல் 30,000 ஆகவும் நிர்ணயிக்கப்பட்டது. இவ்வெல்லை உயருந்தோறும் முதல் நிரலும் உயர்ந்தே ஆகவேண்டும். குறைந்தபட்சச் சம்பளக் கோரிக்கை மிக வறியோருக்கு மட்டும் உரியதன்று என்பதும், பிரிக்கப்பட்ட சம்பளம் பெறும் நடுத்தர ஊழியரின் சேமிப்பும் அதிற் தங்கியுள்ளது என்பதும் இதனாற் பெறப்படும்.

6

பட்டியலில் இடம்பெற்றோரின் நிலை இதுவாயின், அதற்குப் புறத்தே நிற்போரின் நிலை யாது? சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரத் தொழிலாளர், தற்காலிகத் தொழிலாளர், அமயத் தொழிலாளர் என்று வேறுபாடு காட்டவில்லை. முதல் நாள் வேலையிலிருந்தே அது பொருந்தும். ஆனால் துறைமுகங்களிற் கப்பல் வரும் நாளில் மட்டும் ஆள் சேர்க்கும் வழக்கமும், மனிதவலு ஒப்பந்தகாரர் வாயிலாக ஆள் பெறும் வழக்கமும், யார் உண்மையான தொழில் கொள்வோன் என்பதையே மங்கச் செய்கின்றன. முன்னர் கங்காணி தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றான். இன்று அவ்விடத்தில் ஒப்பந்தகாரன் நிற்கிறான். நிறுவனம் ஒப்பந்தகாரனுக்குக் கொடுக்கும் தொகைக்கும் தொழிலாளி பெறும் கூலிக்கும் இடையிலான வேறுபாடு எந்தச் சம்பளப் பட்டியலிலும் கழிவாக எழுதப்படுவதில்லை. எழுதப்படாமையாலேயே அது தர்க்கத்துக்கும் வருவதில்லை.

இத்துறைமுகப் பிரதேசத்தின் மிகப் பழைய உழைப்பாளராகிய மீனவரிடம் பங்கு முறை இன்றும் நிலவுகிறது. ஆழ்கடல் சென்று மீளும் படகின் விற்பனைத் தொகையிலிருந்து எரிபொருள், ஐஸ், உணவு முதலிய செலவுகள் முதலிற் கழிக்கப்படும். எஞ்சியதே படகுக்காரருக்கும் தொழிலாளருக்கும் பங்காகும். கரைவலையிலும் சம்மாட்டியாருக்கும் வலை இழுப்போருக்கும் இடையே பங்கே ஈடு. இங்கு கழிவு உண்டு. சம்பளப் பட்டியல் இல்லை. எரிபொருள் விலை ஏறினால் அந்த ஏற்றத்தின் ஒரு பகுதி தொழிலாளியின் பங்கிலிருந்தே செல்லும். மீன் படாத நாளின் நட்டத்திலும் அவன் பங்காளி. ஆனால் படகின் உடைமையில் அவனுக்குப் பங்கில்லை. 1990இல் மீனவர் ஓய்வூதியத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டமை, சேமலாப நிதியின் எல்லைக்குள் இவர்கள் வரவில்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகும்.

7

கழிக்கப்பட்டுச் சேமிக்கப்பட்ட பணத்தின் கதியையும் நாம் நோக்காதுவிடின் ஆய்வு முழுமை பெறாது. 2022 செப்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி உறுப்பினருக்கு வழங்கிய வட்டி 9 சதவீதமாகும். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளும் அதற்கு உட்படுத்தப்பட்டன. ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் பெறவேண்டிய தொகை எண்ணிக்கையிற் குறையவில்லை. அதனால் வாங்கத்தக்க அரிசி குறைந்தது. துண்டுக் காலத்தில் தொழிலாளி தோட்டத்துக்குக் கடன்பட்டிருந்தான். இன்று சேமலாப நிதியின் வாயிலாக அவனே அரசுக்குக் கடன் கொடுத்தவனாகவுள்ளான்; ஆனால் கடன் கொடுத்தவனுக்குரிய குரல் அவனுக்குக் கிடைக்கவில்லை.

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, கழிவு என்பது கணக்கியலுக்கு மட்டும் உரியதன்று. அது வர்க்க உறவின் அளவை. இரண்டாவது, 1921 முதல் 1983 வரை இயற்றப்பட்ட சட்டங்கள் அவ்வளவையைத் தொழிலாளர் பக்கம் கணிசமாகத் திருப்பின. மூன்றாவது, அதன் பின்னரான போராட்டம் அடிப்படைச் சம்பளம் எது என்னும் வரைவிலக்கணத்திலும், பட்டியலில் யார் பெயர் இடம்பெறும் என்பதிலும், சேர்ந்த நிதியை யார் ஆள்வது என்பதிலும் நிகழ்கிறது. சம்பள உயர்வை மட்டும் கோரி, அவ்வுயர்வு எந்த நிரலிற் சேர்க்கப்படுகிறது என்பதைக் கேளாதுவிடும் தொழிற்சங்கம் பாதி வெற்றியையே ஈட்டும்.

வரலாற்று மாணவருக்கும் இங்கு ஒரு கடமையுண்டு. யுத்தமும் இடப்பெயர்வும் திருகோணமலைக் குடும்பங்கள் பலவற்றின் ஆவணங்களைச் சிதறடித்தன. எஞ்சியுள்ள பழைய சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதியின் பீ அட்டைகள், வரவேடுகள், சங்கக் கணக்குப் புத்தகங்கள் ஆகியன வீடுகளின் தகரப் பெட்டிகளிற் செல்லரித்துப் போகுமுன் திரட்டப்படல் வேண்டும். ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளரின் நினைவுகளும் அவற்றோடு சேர்த்துப் பதியப்படல் வேண்டும். கல்வெட்டைப் படியெடுப்பதற்குக் காட்டும் அதே கவனம் இச்சிட்டைகளுக்கும் உரியது. வேலைக்கு வந்த நாளும் சேவைக் காலமும் நிறுவப்பட வேண்டிய வழக்குகளில் இன்றும் ஒரு முதியவரின் உரிமை இத்தகைய துண்டுக் காகிதம் ஒன்றிலேயே தங்கியிருத்தல் கூடும்.